தீயில் வீடிழந்த குடும்பத்துக்குத் துணை நிற்பது எப்படி: பினாங்கில் உதவ முன்வருவோருக்கான வழிகாட்டி

ஜெலுத்தோங்கிலோ ஆயர் ஈத்தாமிலோ பிறையிலோ ஒரு வீடு எரிந்தது என்ற செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் பரவிய சில மணி நேரத்துக்குள் அரிசி மூட்டைகளும் பழைய துணிகளும் வந்து குவிந்துவிடுகின்றன. உதவும் மனம் நம் மக்களிடம் குறைவில்லை. ஆனால் அந்த உதவியில் பெரும்பகுதி முதல் வாரத்துக்குள் தீர்ந்துவிடுகிறது; அலுவலக அலைச்சலும் காப்புறுதிக் கணக்கும் வாடகை வீட்டு முன்பணமும் குடும்பத்தை அழுத்தத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். உதவ நினைப்பவர்கள் தங்கள் பணத்தையும் நேரத்தையும் அந்தப் பிற்காலத்துக்கென்று ஒரு பங்கு ஒதுக்கி வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

உறவினரிலோ அண்டை வீட்டாரிலோ நிதானமான ஒருவர் பொறுப்பாளராக இருப்பது நல்லது. யார் என்ன கொடுத்தார்கள், எந்த அலுவலகத்தில் எந்தப் பத்திரம் கேட்டார்கள், எந்த அதிகாரி எந்த நாளில் திரும்ப வரச் சொன்னார் என்பவற்றை அவர் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். அதிர்ச்சியில் இருப்பவர்களிடம் “என்ன வேணும் சொல்லுங்க” என்று பொதுவாகக் கேட்டால் “ஒன்னும் வேணாம்பா” என்ற பதில்தான் வரும். “மாமா, நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நான் காரோட வர்றேன், பதிவிலாகாவுக்குப் போயிட்டு வந்துடலாம்” என்று சொன்னால் மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

முதல் வேலை போலீஸ் புகார். எல்லா அலுவலகமும் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்கும் என்பதால், “வீட்டில் இருந்த பொருள்கள் அனைத்தும் எரிந்துவிட்டன” என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், ஒவ்வொருவருடைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், கடப்பிதழ், வாகன ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை, வீட்டு மனைப் பட்டா, அடகுச் சீட்டு என்று பெயர் பெயராகச் சொல்லி எழுதவைக்க வேண்டும். பதிவு செய்பவர் அவசரப்படுத்தினாலும், முன்பே ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால் விடுபடாது. தீயணைப்பு மீட்புத் துறையின் அறிக்கை வேறு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தீ எங்கே, எதனால் தொடங்கியது என்பதைக் காப்புறுதி நிறுவனம் அந்த அறிக்கையைக் கொண்டுதான் பார்க்கும்.

அடுத்து வரிசை முக்கியம். கைப்பேசியும் எரிந்து போயிருந்தால், வங்கியின் இணையச் சேவைக்குள் நுழைய முடியாது. கைப்பேசி எண்ணை மீட்க சிம் அட்டை வேண்டும். சிம் அட்டை வாங்க அடையாள அட்டை வேண்டும். ஆகவே தேசியப் பதிவிலாகா, பிறகு தொலைபேசி நிறுவனம், பிறகு வங்கி என்ற வரிசையில் போனால் ஒரே இடத்துக்கு இருமுறை அலைய வேண்டியதில்லை. கையில் ஒரு தாள்கூட இல்லையே என்று பாட்டிமார்கள் அஞ்சுவதுண்டு. விரல் ரேகை பதிவில் இருப்பதால் அடையாளத்தை உறுதி செய்வது அவ்வளவு கடினமல்ல. அடையாள அட்டையைத் தொலைத்தவருக்கு வழக்கமாகக் கட்டணம் உண்டு. பேரிடரில் இழந்தவர்கள் போலீஸ் புகாரைக் காட்டி விலக்குக் கேட்க வேண்டும். கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை என்றால் பட்டாவின் அசல் பெரும்பாலும் வங்கியிடமே இருக்கும் என்பதால், அதைப் பற்றிப் பதறுவதற்கு முன் வங்கியைக் கேட்டுவிடுவது நல்லது.

நம் குடும்பங்களில் பலரும் வெளியே சொல்லாத ஒன்று அடகுச் சீட்டு. தீபாவளிச் செலவுக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ வைத்த சங்கிலி கடையில் பத்திரமாக இருக்கும்; சீட்டு மட்டும் எரிந்திருக்கும். அடகுக் கடைக்கு உடனே தகவல் சொல்லி, புகாரின் நகலோடு சத்தியப் பிரமாணம் செய்து மாற்றுச் சீட்டு பெறலாம். அடகுத் தவணை ஆறு மாதம் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. எல்லார் முன்னிலையிலும் கேட்டால் அத்தை மறைத்துவிடுவார். தனியாக அழைத்துக் கேளுங்கள்.

எரிந்த வீட்டுக்குள் தீயணைப்புத் துறை அனுமதித்த பிறகே போக வேண்டும். தீயில் வெந்த கான்கிரீட் சில நாள் கழித்தும் பெயர்ந்து விழும். பழைய வீடுகளின் கூரைத் தகடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். கனமான காலணி, கையுறை, நல்ல முகக்கவசம் இல்லாமல் போகாதீர்கள், பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். எதையும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். கரிக்கட்டையான தொலைக்காட்சியையும் குளிர்பதனப் பெட்டியையும்கூட காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பார்த்து முடிக்கும் வரை குப்பை லோரியில் ஏற்ற வேண்டாம். இரும்புப் பீரோவும் பாதுகாப்புப் பெட்டியும் நன்றாக ஆறும் வரை திறக்கக் கூடாது. உள்ளே சூடு மிஞ்சியிருந்தால் காற்றுப் பட்டதும் காகிதம் பற்றிக்கொள்ளும். ஆறிய பீரோவில் பத்திரங்கள் ஓரம் கருகி நடுவில் எழுத்து அப்படியே இருப்பதைக் காணலாம். அவற்றைப் பிரிக்க முயலாமல் கட்டாகவே ஓர் அட்டைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கருகிய பணத் தாள்களையும் அவ்வாறே வங்கிக்கு எடுத்துச் செல்லலாம். மிஞ்சியிருக்கும் பரப்பைப் பொறுத்து அவற்றுக்கு மதிப்புக் கிடைக்கும்.

பீரோ நின்ற இடத்துச் சாம்பலை அள்ளிக் கொட்டிவிடாமல் மாவுச் சல்லடையில் சலித்துப் பார்க்க வேண்டும். தூய தங்கம் 1,064 பாகை செல்சியஸில்தான் உருகும், 22 காரட் நகை அதற்குச் சற்று முன்பே இளகிவிடும். வடிவம் கெட்டு, கறுத்த உருண்டையாகக் கிடந்தாலும் எடைக்கு எடை அது தங்கம்தான். கடுகளவு மூக்குத்திக் கல்லும் தாலிக்குண்டும் இப்படித்தான் சல்லடையில் நிற்கும். தீயணைப்பு நீரில் நனைந்த திருமண ஆல்பத்தை உடனே உலர்த்த முடியாவிட்டால், பாலிதீன் பையில் சுற்றி யாராவது வீட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். ஒட்டிப்போகாமலும் பூஞ்சை பிடிக்காமலும் இருக்கும், மெதுவாகப் பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

காப்புறுதியில்தான் ஏமாற்றம் அதிகம். வீட்டுக் கடனோடு எடுத்த எம்ஆர்டிஏ என்ற கடன் காப்புறுதி இருக்கிறது, அது போதும் என்று நம்புபவர்கள் பலர். அது கடன் வாங்கியவர் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ கடனை அடைப்பதற்கானது. தீ விபத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கட்டடத்துக்கு ஒரு பாலிசி, உள்ளிருக்கும் பொருள்களுக்கு இன்னொரு பாலிசி என்று இரண்டும் தனித்தனி. அடுக்குமாடி வீடாக இருந்தால், 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி கட்டடத்துக்கான காப்புறுதியை நிர்வாகக் குழுதான் எடுத்திருக்க வேண்டும். கோரிக்கையும் அவர்கள் வழியாகவே போகும். இன்னொரு பொறி, குறைத்துக் காப்புறுதி எடுப்பது. திரும்பக் கட்ட 200,000 ரிங்கிட் ஆகும் வீட்டை 100,000 ரிங்கிட்டுக்கு மட்டும் காப்புறுதி செய்திருந்து, 50,000 ரிங்கிட் சேதம் ஏற்பட்டால், காப்புறுதி செய்த விகிதத்தில் மட்டும் இழப்பீடு தரும் சராசரி விதி உள்ள பாலிசியில் 25,000 ரிங்கிட்தான் கிடைக்கும். நிறுவனம் தரும் இறுதித் தொகைக்கான தாளில் அவசரத்தில் கையெழுத்திட வேண்டாம். படித்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுக்கட்டும். முடிவு நியாயமாகப் படவில்லை என்றால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பில் கட்டணமின்றி முறையிடலாம். நிறுவனத்தின் இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் அதைச் செய்ய வேண்டும்.

அரசு உதவிக்குச் சமூக நல இலாகாவையும் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தையும் ஒரே நாளில் அணுகலாம். 15999 என்ற தாலியான் காசே அரசு உதவி அழைப்பு எண்ணும் உண்டு. சூ சி பௌத்த அறநிறுவனத்தினர் இன மத வேறுபாடின்றித் தீயில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுபவர்கள் என்பது பினாங்கில் பலருக்கும் தெரியும். நம்மவர்கள் சிலர் கூச்சத்தால் அவர்களிடம் போவதில்லை, அந்தக் கூச்சம் தேவையற்றது.

நன்கொடை திரட்டுபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வீடு வீடாகவும் தெருவிலும் பணம் வசூலிப்பதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி தேவை. வாட்ஸ்அப்பில் பரப்பும்போது குடும்பத் தலைவரின் வங்கிக் கணக்கையே கொடுங்கள். நடுவில் இன்னொருவர் கணக்கு இருந்தால் பின்னாளில் சண்டையில்தான் முடியும். அடையாள அட்டையின் படத்தையும் அழும் பிள்ளைகளின் முகத்தையும் போடுவது வேண்டாத வேலை. படம் பல காலம் சுற்றும், அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும்.

பொருளாகக் கொடுப்பவர்கள் பழைய சேலை மூட்டைகளை நிறுத்திவிட்டு, அளவு கேட்டுப் புதிய உள்ளாடை, செருப்பு, அணையாடை, மூக்குக்கண்ணாடி, பள்ளிச் சீருடை வாங்கிக் கொடுக்கலாம். பாத்திரமும் அடுப்பும் வீடு கிடைத்த பிறகு போதும். தங்கியிருக்கும் வீட்டின் வரவேற்பறையில் அவற்றை அடுக்க இடமிருக்காது. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை ஒரு நாளும் விடக் கூடாது. வழக்கமாகப் போகும் அரசு மருந்தகத்தில் பதிவு இருக்கும், நிலைமையைச் சொன்னால் மறுபடி தருவார்கள். பள்ளிப் பாடநூல்கள் இரவல் திட்டத்தில் வந்தவை என்பதால் தலைமையாசிரியரிடம் சொன்னாலே போதும், பெற்றோர் புத்தகக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. இரவில் திடுக்கிட்டு எழும் பிள்ளையும், சமையலறைப் பக்கமே போகாத தாயும் சில வாரங்களில் தேறாவிட்டால், சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம்.

பிற்காலத்துக்கென்று ஒதுக்கிய பணம் பெரும்பாலும் வாடகை வீட்டுக்குத்தான் போகும். மாதம் 800 ரிங்கிட் வாடகை என்றால், இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று 2,800 ரிங்கிட்டை ஒரே நாளில் எண்ணி வைக்க வேண்டும். வாடகைக்கு வருபவர் தீயில் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லி, முன்பணத்தைத் தவணையாகக் கட்ட வீட்டு உரிமையாளரிடம் பேசிப் பார்ப்பது பொறுப்பாளரின் வேலை. சொந்த வீட்டையே செப்பனிட்டுத் திரும்புகிறவர்கள், சுவருக்குச் சாயம் பூசுவதற்கு முன், எரியாமல் தப்பிய அறைகளின் கம்பிகளையும் சேர்த்து, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். அவர் கையெழுத்திட்ட சோதனைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே மின்வாரியத்திடம் இணைப்பைத் திரும்பக் கேட்கலாம்.