'போனவில்லை' என்று யாராவது எழுதுவோமா? ஆங்கில வினைச்சொல்லைத் தமிழ்க் காதால் திருத்துவது எப்படி

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினான். சிங்கப்பூரில் ஒரு வேலைக்காக ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பக் கடிதம். முதல் வரியே 'ஐ வாஸ் ஃபினிஷ் மை டிப்ளமா'. நாலு வரி தள்ளி 'ஐ டிட் நாட் வென்ட்'. பையன் கெட்டிக்காரன், வீட்டில் தமிழ், வெளியில் பர்மியம், மோட்டார் பழுது பார்ப்பதில் நல்ல கை. ஆனால் கடிதத்தைப் பிரிக்கிற ஆளுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, இந்த இரண்டு வரிதான் தெரியும். இங்கே பர்மாவில், ரங்கூனிலும் மோல்மேனிலும், இதே போன்ற கடிதங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பிழை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பர்மியத்தில் 'சா டெ' என்றால் சாப்பிடுகிறேன், சாப்பிட்டேன், சாப்பிட்டாள், சாப்பிட்டார்கள் எல்லாமே அதுதான். 'மசாபூ' என்றால் சாப்பிடவில்லை, சாப்பிடுவதில்லை, சாப்பிடமாட்டேன், எதுவாகவும் இருக்கலாம். யார், எப்போது என்பதைப் பக்கத்துச் சொற்களும் பேச்சின் போக்கும் சொல்லிவிடும், வினை கவலைப்படாது. அது அந்த மொழியின் வழி, அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளிக்கூடம், கடை, பேருந்து எல்லா இடத்திலும் நாள் முழுக்க அப்படியே பேசிவிட்டு ஆங்கிலம் எழுத உட்கார்ந்தால், வினையை மொட்டையாக வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தமிழ் அப்படி விடாது. 'போனாள்' என்ற ஒரே சொல்லில் யார், எப்போது இரண்டும் இருக்கின்றன. ஆகவே ஆங்கில வாக்கியத்தை எழுதியதும் அதை மனதுக்குள் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். வீட்டுத் தமிழே போதும், இலக்கணப் புத்தகம் வேண்டாம்.

எப்படி என்று காட்டுகிறேன். நான் போகவில்லை, அவன் போகவில்லை, அவர்கள் போகவில்லை. எல்லாவற்றிலும் 'போக' மாறாமல் நிற்கிறது, பின்னால் வருகிற 'இல்லை'தான் வேலை செய்கிறது. 'போனவில்லை' என்று மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. 'டிட் நாட் வென்ட்' என்பது அப்படியே 'போனவில்லை'தான். 'டிட்' ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது, அடுத்த வினை 'போக' மாதிரி வெறுமனே நிற்க வேண்டும்: 'டிட் நாட் கோ'. கேள்வியிலும் இதே கதைதான், 'டிட் யூ ரிசீவ்ட்' இல்லை, 'டிட் யூ ரிசீவ்'. அப்புறம் இதையே நீட்டிக்கொண்டு போகலாம். போக முடியும், போக வேண்டும், போகலாம். 'கேன்', 'மஸ்ட்', 'மே', 'ஷுட்', 'வில்' எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தப் 'போக' வடிவம்தான், எஸ்ஸும் கிடையாது, ஈ டி-யும் கிடையாது. 'ஹி கேன் ஸ்பீக்ஸ்' என்று எழுதியிருந்தால் 'பேசுகிறான் முடியும்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், கை தானாக அந்த எஸ்ஸை அடித்துவிடும். 'போக விரும்புகிறான்' என்பதும் அப்படித்தான், 'வான்ட்ஸ் டு கோ', ஒருநாளும் 'வான்ட்ஸ் டு வென்ட்' ஆகாது.

சரி, 'ஐ வாஸ் ஃபினிஷ்' என்னவாயிற்று? இறந்தகாலம் என்று காட்ட ஒரு 'வாஸ்' போட்டால் போதும் என்ற நினைப்பு. 'ஐ ஆம் அக்ரி' என்பதும் இதன் தம்பிதான். 'ஆம்', 'இஸ்', 'ஆர்', 'வாஸ்', 'வேர்' எதற்கும் பின்னால் மொட்டை வினை வரவே வராது. ஐ என் ஜி வரும், இல்லாவிட்டால் செயப்பாட்டு வினையில் மூன்றாம் வடிவம் வரும் ('கோ, வென்ட், கான்' என்று அடுக்கும்போது மூன்றாவதாக வருவது). நாம் முடித்ததை நாமே சொல்லும்போது 'வாஸ்' எதற்கு, 'ஐ ஃபினிஷ்ட்' என்று எழுதினால் தீர்ந்தது.

இன்னொன்றை நான் பல வருஷம் கவனிக்காமலே இருந்தேன். பர்மியப் பேச்சில் ஒரு அசை உயிரோசையிலோ, மூக்கொலியிலோ, தொண்டையில் சட்டென்று அடைக்கிற ஒலியிலோதான் முடியும். எஸ், டி மாதிரி மெய்கள் கடைசியில் தெளிவாகக் கேட்பதே இல்லை. அந்த உச்சரிப்போடு 'வொர்க்', 'வொர்க்ஸ்', 'வொர்க்ட்' மூன்றையும் வாசித்தால் மூன்றும் ஒன்றாகத்தான் ஒலிக்கும். எழுதியதை உரக்க வாசித்துத் திருத்துங்கள் என்று வாத்தியார்கள் சொல்வார்கள், நல்ல யோசனைதான், ஆனால் இந்தப் பிழை அதில் மாட்டாது. கண்ணால்தான் பிடிக்க வேண்டும். நான் பிள்ளைகளிடம் பென்சில் கொடுத்து ஒவ்வொரு வினையின் அடியிலும் கோடு போடச் சொல்வேன், பிறகு அதன் வாலில் பென்சில் முனையை வைத்து 'யார்? எப்போது?' என்று கேட்கச் சொல்வேன். அந்தத் தம்பியின் கடிதத்தில் இப்படியே ஏழு வால்கள் அகப்பட்டன, ஏழையும் அவனே கண்டுபிடித்தான்.

நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் வந்தால் எஸ் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். எழுவாய் தூரத்தில் இருக்கும்போதுதான் சறுக்குகிறோம். 'தி லிஸ்ட் ஆஃப் டூல்ஸ்' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் பன்மை இருக்கிறதே என்று 'ஆர்' போடுகிறோம். கருவிகளின் பட்டியல் இருக்கிறதா, இருக்கின்றனவா? பட்டியல் இருக்கிறது, அதனால் 'இஸ்'. ஒரு தங்கச்சி 'மை ஃபாதர் ஆர் வொர்க்கிங்' என்று எழுதியிருந்தாள், கேட்டால் 'அப்பா வேலை செய்கிறார்' என்று மரியாதையாகச் சொல்ல வேண்டாமா என்றாள். நல்ல பிள்ளை. ஆனால் ஆங்கில வினையில் மரியாதைக்குத் தனி விகுதி இல்லையம்மா, அப்பாவுக்கும் 'இஸ்'தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை, தமிழும் சில இடத்தில் காலை வாரும். 'எல்லாரும் வருகிறார்கள்' நமக்குப் பன்மை, 'எவ்ரிஒன்' அவர்களுக்கு ஒருமை, 'எவ்ரிஒன் கம்ஸ்'. அதைவிடப் பெரிய பள்ளம் 'இருக்கிறேன்'. 'நேற்றே பணம் கட்டியிருக்கிறேன்' என்று நாம் இயல்பாகச் சொல்வோம், அதை அப்படியே 'ஐ ஹாவ் பெய்ட் யெஸ்டர்டே' என்று எழுதினால் தப்பு. நேற்று, போன மாதம், 2019 என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹாவ்' போக வேண்டும்: 'ஐ பெய்ட் யெஸ்டர்டே'. நேரம் சொல்லாவிட்டால் 'ஐ ஹாவ் பெய்ட்' சரி.

'பத்து வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்' என்பதும் அப்படியே ஆங்கிலத்துக்குப் போகாது. 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்பதில் இரண்டு பிழை. தொடங்கி இன்னும் நடப்பதற்கு 'ஹாவ் பீன் வொர்க்கிங்' வேண்டும், கால அளவுக்கு 'ஃபார்' வேண்டும், 'சின்ஸ்' தொடங்கிய புள்ளிக்கு மட்டும்: 'ஃபார் டென் இயர்ஸ்', 'சின்ஸ் 2014'. வேலையை விட்டுவிட்டீர்கள் என்றால் வெறும் 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் டென் இயர்ஸ்'. வேலைக் கடிதத்தில் இந்த வித்தியாசத்தை லேசாக எடுக்காதீர்கள், பழைய பட்டறையை விட்டுவிட்டீர்களா இல்லையா என்று முதலாளி இதை வைத்துத்தான் புரிந்துகொள்வார்.

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்' இரண்டையும் தமிழ்க் காதே பிடித்துவிடும். 'தெரிந்துகொண்டிருக்கிறது', 'இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்' என்று யார் பேசுகிறார்கள்? 'ஐ நோ', 'ஐ ஹாவ்'. 'இஃப்' வந்தால் அந்தப் பாதியில் 'வில்' வேண்டாம், 'மழை பெய்தால்' என்பதில் நாமும் எதிர்காலம் வைப்பதில்லை: 'இஃப் இட் ரெய்ன்ஸ்'.

அப்புறம் கடிதத்தின் கடைசி வரி. அந்தத் தம்பி 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று முடித்திருந்தான். 'டு' வந்தால் மொட்டை வினை என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன், அவன் பிடித்துக்கொண்டான், பாவம். 'லுக் ஃபார்வர்ட் டு'-வில் வரும் 'டு' வேறு, அது ஒரு பெயர்ச்சொல்லைக் கேட்கிற 'டு'. 'உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள், எதை என்று கேட்டால் 'பதிலை' என்று ஒரு பெயர் வருகிறது இல்லையா, அந்த இடத்தில் வினை வந்தால் பெயராக மாறித்தான் வர வேண்டும். 'டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று திருத்திக் கையெழுத்துப் போட்டு, சாயங்காலமே அனுப்பிவிட்டான்.