கட்டி எங்கே என்பது இரண்டாவது கேள்வி

கொழும்பில் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் சிறுவர் புற்றுநோயை ஆய்வுக்கு எடுத்தால், சிலவேளை எக்செல் ஷீட்டோடு என்னிடம் வருவார்கள். அதில் நான் முதலில் பார்ப்பது எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதைத்தான். மூளை, வயிறு, எலும்பு, கண், இரத்தம் என்று உறுப்பு உறுப்பாகப் பிரித்திருந்தால், சரி, அத்திவாரத்திலிருந்தே தொடங்க வேண்டியதுதான்.

பெரியவர்களுக்கு அப்படிப் பிரிப்பது பொருந்தும். வாய்ப் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய் என்று நாம் பேசுவதே உறுப்பை வைத்துத்தானே. அவர்களுக்கு வருபவற்றில் பெரும்பாலானவை உறுப்பை மூடியிருக்கும் படலத்தில் தொடங்கும் கார்சினோமா. பிள்ளைகளிடம் அது அரிது. அவர்களுக்கு வருவது லுக்கீமியா என்ற இரத்தப் புற்றுநோய், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், மூளைக் கட்டிகள், கருவில் முதிராமல் நின்றுவிட்ட உயிரணுக்களிலிருந்து எழும் கட்டிகள். அதனால் எந்த உயிரணு என்பதை முன்னே வைக்கும் தனி வகைப்பாடு தேவைப்பட்டது. 1987இல் பிர்ச், மார்ஸ்டன் இருவரும் ஒன்றை வகுத்தார்கள். அதன் வழியில் வந்த சர்வதேச வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு, ஐசிசிசி-3, 2005இல் வெளியானது. 12 பெருந்தொகுதிகள், 47 உட்பிரிவுகள்.

முதிராத நரம்பு உயிரணுக்களில் எழும் நியூரோபிளாஸ்டோமாவைப் பாருங்கள். சிறுநீரகத்துக்கு மேலே அட்ரீனல் சுரப்பியில் வரும், நெஞ்சுக்குள் வரும், கழுத்திலும் வரும். ஐசிடி-10 என்ற பொது நோய்ப் பட்டியல் புற்றுநோயைப் பெரும்பாலும் உறுப்பை வைத்தே பிரிக்கிறது; அதன் குறியீட்டை மட்டும் வைத்து எண்ணினால் ஒரே நோய் நாலைந்து பெட்டிகளில் சிதறிவிடும். நானும் முதன்முதலில் அப்படித்தான் எண்ணினேன். இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் பிழை விளங்கியது. மறுபக்கம், 'வயிற்றுக் கட்டி' என்ற ஒரே சொல்லுக்குள் சிறுநீரகத்தின் வில்ம்ஸ் கட்டி, ஈரலின் ஹெப்பட்டோபிளாஸ்டோமா, நியூரோபிளாஸ்டோமா மூன்றும் ஒளிந்திருக்கலாம். மூன்றுக்கும் சிகிச்சை வேறு, பிழைக்கும் வாய்ப்பும் வேறு.

இதைச் சொன்னதும் சிலர் இடத்தை அடியோடு விட்டுவிடுவார்கள். அதுவும் பிழை. யூவிங் சார்க்கோமா எலும்பில் இருந்தால் எட்டாம் தொகுதி, மென்திசுவில் இருந்தால் ஒன்பதாம் தொகுதி. மூளைக்குள் இருக்கும் கட்டியெல்லாம் மூளை, முள்ளந்தண்டுக் கட்டிகளுக்கான மூன்றாம் தொகுதிக்குப் போகும் என்பதும் இல்லை. அங்கே தோன்றும் ஜெர்ம் செல் கட்டி (விந்தணு, சூல்முட்டை ஆக வேண்டிய உயிரணுக்களில் எழுவது) பத்தாவதுக்குப் போகும். ஆக, கட்டிகளுக்கென்றே உள்ள குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-ஓ தரும் உயிரணுக் குறியீடும் இடக் குறியீடும் இரண்டுமே வேண்டும்.

என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது வேறொன்று. உயிரணுக் குறியீட்டின் சாய்கோட்டுக்குப் பின்னால் ஓர் இலக்கம் இருக்கும்: 0 என்றால் தீங்கற்றது, 1 என்றால் நிச்சயமற்றது, 3 என்றால் புற்று. 'புற்றுநோய் ஆய்வுதானே' என்று 3 மட்டும் வரும்படி ஃபில்டர் போட்டுவிடுவார்கள். ஆனால் மூளை, முள்ளந்தண்டுக் கால்வாய் கட்டிகளில் 0, 1 இரண்டையும் ஐசிசிசி-3 சேர்த்தே எண்ணுகிறது. மண்டையோட்டுக்குள் இடம் குறுகல். தீங்கற்ற கட்டிகூடப் பிள்ளையின் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படும் பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா என்ற மூளைக் கட்டிக்கு ஐசிடி-ஓ மூன்றாம் பதிப்பு தந்திருப்பது 1தான். அந்த ஃபில்டரில் அத்தனையும் காணாமல் போகும்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். வகை தெளிவில்லாதவையும் மற்றவையும் போகும் பன்னிரண்டாம் தொகுதியைக் குப்பைக் கூடையாக்க வேண்டாம்; அது வீங்கியிருந்தால் பயொப்சி (திசுப் பரிசோதனை) ரிப்போர்ட்டை மறுபடி தேடுங்கள். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது நிலை, அது வகை அல்ல. அதற்குச் சிறுவர் புற்றுநோயின் நிலையைப் பதியும் டொரொன்டோ வழிகாட்டல் தனியாக இருக்கிறது. சிறுவர் வீதத்தைப் பத்து லட்சத்துக்கு இவ்வளவு என்றே எழுதுவார்கள், பெரியவர்களின் ஒரு லட்சக் கணக்கோடு அப்படியே ஒப்பிட்டால் எண்கள் பயமுறுத்தும். 0–14 வயதா, 0–19 வயதா என்பதையும் எழுதுங்கள்.

பொரளைச் சிறுவர் மருத்துவமனையில் நோயைக் கண்டுபிடித்து, மஹரகம புற்றுநோய் மருத்துவமனையில் கீமோ எடுக்கும் பிள்ளைக்கு இரண்டு இடத்திலும் ஃபைல் இருக்கலாம். எண்ணும் முன் இரண்டையும் ஒன்றாக்குங்கள். பயொப்சி ரிப்போர்ட்டின் வாசகத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் தனி நிரலில் வையுங்கள். குறியீட்டைத் திருத்திக்கொள்ளலாம், அந்த நிரலை அழித்துவிட்டு வந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.