சாப்பிடாமல் போடக் கூடாத சர்க்கரை மாத்திரை

சர்க்கரை மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் பலரும் ஒரே மாதிரியான சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். வேளை மறப்பது, மாத்திரை தீர்ந்துபோவது பற்றி இங்கே பேசவில்லை.

எல்லாம் ஒரே மாத்திரைதானே என்று வெறும் வயிற்றில் போடுவது

மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரல் வெளியே விடும் சர்க்கரையைக் குறைக்கிறது. தனியாக எடுத்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்வது அரிது. கிளிமெபிரைட், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் வேறு ஜாதி. இவை கணையத்தின் பீட்டா செல்களிலுள்ள பொட்டாசியம் வாயில்களை மூடி இன்சுலினைச் சுரக்க வைக்கும். ரத்தத்தில் 250 இருந்தாலும் 80 இருந்தாலும் சுரக்க வைக்கும். பல கூட்டு மாத்திரைகளில் இரண்டும் சேர்ந்தே இருப்பதால், "மெட்ஃபார்மின்தான் போடுகிறேன்" என்பவர் அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை நாளில்தான் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. பழக்க தோஷத்தில் 6 மணிக்கு மாத்திரை, 7 மணிக்கு வரிசை, எட்டரைக்கும் முறை வரவில்லை. விரல் நடுங்குகிறது, பிடரி வியர்க்கிறது, பக்கத்தில் இருப்பவர் மேல் காரணமில்லாமல் எரிந்துவிழுகிறார். அடுத்து நாக்கு குழறும். மீட்டரில் 58. ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டோடு போட்டிருந்தால் இத்தனையும் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் திரும்ப நடப்பதுதான் எரிச்சல்.

70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன் பொடி, தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு 15 கிராம். 70 தாண்டியதும் சாப்பாடு. சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அகார்போஸோ வோக்லிபோஸோ கூட எடுப்பவருக்குச் சீனியும் உடனே ஏறாது, ஏனென்றால் அந்த மருந்து தடுப்பதே சீனியை உடைக்கும் நொதியைத்தான். குளுக்கோஸ் மட்டுமே கைகொடுக்கும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; நேரே மருத்துவமனை.

தெளிந்துவிட்டதே என்று படுத்துவிடுவது அடுத்த வினை. கிளிமெபிரைட் வகை மாத்திரையின் வேலை ஒரு நாள் வரை நீளும், சர்க்கரை மறுபடி இறங்கலாம். முதியவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் இன்னும் நீளும். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாது. வியர்வைதான் முக்கியத் துப்பு.

வயிறு கலங்கியதும் மெட்ஃபார்மினை நிறுத்துவது

500 மி.கி.யில் சாப்பாட்டோடு தொடங்கி, வாரக்கணக்கில் கூட்டினால் பெரும்பாலும் பழகிவிடும். பழகாவிட்டால், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித்தரக் கேளுங்கள். அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. மலத்தில் வெறும் கூடு வந்தால் பயப்பட வேண்டாம், மருந்து உள்ளே போய்விட்டது. ஆண்டுக்கணக்கில் எடுப்பவர் கால் மரத்தால், இந்த மாத்திரை குறைக்கக்கூடிய பி12 வைட்டமின் அளவைப் பார்க்க வேண்டும். எல்லாப் பழியையும் சர்க்கரை மேல் போடக் கூடாது.

வாந்தி நாளிலும் டாபாகிளிஃப்ளோசின்

இது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. வாந்தி, பட்டினி நாட்களில் தொடர்ந்தால் மீட்டர் 200-க்குள் காட்டும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம். நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். அறுவை சிகிச்சை என்றால் 3 நாள் முன்பே நிறுத்துவார்கள். தேதி வந்ததும் இந்த மாத்திரையைச் சொல்லிவிடுங்கள்.

பயோகிளிட்டசோனில் கால் வீங்கினால் காத்திருப்பது

இதுவும் ஒரு சர்க்கரை மாத்திரைதான். வீங்கினால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கிரியாட்டினினை மறப்பது

ரத்தத்திலுள்ள கிரியாட்டினினை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடும் எண்தான் இ.ஜி.எஃப்.ஆர். அது 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது பாருங்கள்.