துபாய் மாலை நேரப் பாலைவனச் சஃபாரி: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

துபாயில் மாலை நேரப் பாலைவனச் சஃபாரி என்பது ஏறத்தாழ ஆறு மணி நேரப் பயணம். பிற்பகல் மூன்று மணி அளவில் தங்குமிட வாசலில் கார் வந்து நிற்கும். இரவு ஒன்பது அல்லது ஒன்பதரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். இந்த ஆறு மணி நேரத்தில் மணல்மேடுகளின் மீது நாம் உண்மையாகவே இருப்பது ஒரு மணி நேரம்தான். சில நாள் அதற்கும் குறைவு. மீதி நேரம் சாலையிலும், கடைகளிலும், கேம்ப் எனப்படும் கூடார முற்றத்திலும் கழிகிறது. இதை அறியாமல் செல்பவர்கள் தலைத்துணிக்கு விலை பேசி முடிக்கும்போது சூரியன் இறங்கிவிட்டிருக்கும். நான் மூன்று முறை சென்றிருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தை எப்படிக் கைவிடாமல் காப்பது என்பது இரண்டாம் முறையில்தான் எனக்குப் புரிந்தது. கீழே உள்ளவற்றை அந்த வரிசையிலேயே படித்துக்கொண்டு போகலாம்.

படி 1: மாதத்தையும் கிழமையையும் தேர்ந்தெடுத்தல்

நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களே ஏற்றவை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெப்பம் 40 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். மாலை ஆறு மணிக்கும் மணல் காலைச் சுடும். டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் மாலை ஐந்தரை மணிக்கே மறைந்துவிடும். ஜூன் இறுதியில் ஏழு மணிக்கு மேல்தான் மறையும். கார் வரும் நேரம் இதை ஒட்டியே மாறுகிறது என்பதால், நண்பர் கோடையில் சென்ற நேரத்தை வைத்துக் குளிர்காலப் பயணத்தைக் கணக்கிடக் கூடாது. 2022ஆம் ஆண்டு முதல் அங்கு வார விடுமுறை சனி, ஞாயிறு ஆகிவிட்டது. வெள்ளி அரை நாள். ஆகவே, கூட்டம் குறைவாக இருக்க வேண்டும் என்று விரும்புபவர்கள் திங்கள் முதல் வியாழன் வரை ஏதேனும் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கலாம். ரமலான் மாதத்தில் பல கேம்ப்களில் ஆடலும் இசையும் இருக்காது. அமைதியை விரும்புபவர்களுக்கு அது குறையன்று.

படி 2: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, எந்த மணல்மேடு என்பது. பெரும்பாலான வண்டிகள் ஹத்தா செல்லும் சாலையில் உள்ள லஹ்பாப் பகுதிக்குச் செல்கின்றன; நகரத்திலிருந்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத் தொலைவு. அங்குள்ள மணல் செந்நிறம். மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதே காரணம். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறம் புதிதாக இருக்காது. அங்கும் மணலைச் சிவக்க வைப்பது இரும்பே. மலிவான சில பயணங்கள் நகரத்துக்கு அருகிலேயே, வெளிர் மணல் பகுதியில் முடிந்துவிடும். விலைப்பட்டியலில் "பாலைவனம்" என்று மட்டும் இருந்தால் இடத்தின் பெயரைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த கேள்வி, மணல்மேட்டில் கார் ஓட்டும் நேரம் எத்தனை நிமிடம் என்பது. இருபது நிமிடத்திலிருந்து நாற்பத்தைந்து நிமிடம் வரை வேறுபடும். விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மூன்றாவதாக, கட்டணத்தில் எவையெல்லாம் அடக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இரவு உணவு, குறுகிய ஒட்டகச் சவாரி, மருதாணி, மணல் பலகைச் சறுக்கு ஆகியவை வழக்கமாக அடங்கும். குவாட் பைக் எனப்படும் நான்கு சக்கர மோட்டார் பைக், பருந்துடன் எடுக்கும் புகைப்படம், கூடாரத்துக்கு வந்து பரிமாறும் உணவு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்குவதே பெரும்பாலும் வழக்கம்.

கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், முதுகு அல்லது கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோர் மணல்மேட்டுக் கார் ஓட்டத்தில் கலந்துகொள்ளக் கூடாது. குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால், அவரை நேராகக் கேம்ப்புக்கு அழைத்துச் செல்லும் வண்டி உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். மணலின் விளிம்பில் நின்றுகொண்டு கேட்டால் நல்ல பதில் கிடைக்காது. என் மாமியாரை அப்படித்தான் தனி வண்டியில் அனுப்பினோம். நாங்கள் தலைசுற்றிப் போய் இறங்கியபோது அவர் இரண்டாவது பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

குலுங்கல் வேண்டாம், பாலைவனம் மட்டும் போதும் என்பவர்கள் துபாய் பாலைவனப் பாதுகாப்புப் பகுதிக்குள் செல்லும் பயணங்களைப் பார்க்கலாம். 225 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பகுதி, துபாய் நிலப்பரப்பில் ஏறத்தாழ 5 விழுக்காடு. 1970களின் தொடக்கத்தில் காட்டு நிலையில் அற்றுப்போய், பிறகு வளர்ப்பிலிருந்து மீட்கப்பட்ட அரேபிய ஓரிக்ஸ் மான்களை அங்கே பார்க்க முடியும். கட்டணம் கூடுதல்.

படி 3: மதிய உணவும் உடையும்

மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குள் குறைவாகச் சாப்பிட்டுவிட வேண்டும். முதல் முறை நான் இரண்டு மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஏறினேன். நான்காவது மேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. ஊர்ப் பேருந்தில் மலைப்பாதையில் செல்லும்போது குமட்டும் பழக்கம் உள்ளவர்கள், வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே எடுத்துக்கொள்வது நல்லது. குமட்டத் தொடங்கிய பிறகு விழுங்கும் மாத்திரையால் பயன் குறைவு.

உடை தளர்வாக இருக்கட்டும். சேலையோ வேட்டியோ காரில் ஏறி இறங்கவும் ஒட்டகத்தில் அமரவும் இடைஞ்சல் தரும். சுடிதார், பேன்ட் ஆகியவை வசதி. கழற்றி மாட்ட எளிதான செருப்பு போதும். குளிர்காலத்தில் சூரியன் மறைந்த அரை மணி நேரத்தில் மணல் தன் சூட்டை விட்டுவிடும். மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்று இல்லாவிட்டால் இரவு உணவை நடுங்கிக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்கும். கைப்பேசியையும் கேமராவையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மணல் மாவைப் போல நுண்ணியது. லென்ஸ் இடுக்கில் ஒரு முறை புகுந்தால் வெளியே வராது.

படி 4: காரில் இடம் பிடித்தல்

வருவது பெரும்பாலும் டொயோட்டா லேண்ட் குரூசர். ஓட்டுநரைத் தவிர ஆறு பேர் அமரலாம். உருண்டாலும் கூரை நசுங்காதபடி உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம் பொருத்தியிருப்பார்கள். கடைசி வரிசை பின் அச்சின் மேலேயே அமைவதால் அதிகம் தூக்கிப்போடும் இடம் அதுதான். குமட்டல் உள்ளவர் முன் இருக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். கண்ணுக்குத் தொடுவானம் தெரிந்துகொண்டே இருந்தால் தலைசுற்றல் குறையும். பகிர்வு வண்டியாக இருந்தால், நடுவில் இன்னும் இரண்டு மூன்று விடுதிகளில் ஆள் ஏற்றுவார்கள். முதலில் ஏறுபவருக்குத் தேர்வு உண்டு. தாமதமாக வாசலுக்கு வருபவருக்கு இல்லை. ஓட்டுநர்களில் மலையாளிகளும் பாகிஸ்தானியர்களும் நிறைய உண்டு என்பதால், உடைந்த இந்தியும் கொஞ்சம் மலையாளமும் போதும்.

படி 5: மணலின் விளிம்பில் நிறுத்தம்

பயணம் இங்கேதான் சறுக்கும். தார்ச்சாலை முடியும் இடத்தில் வண்டிகள் ஒரு கடை வளாகத்தின் முன் நிற்கும். ஓட்டுநர் டயர்களில் காற்றை இறக்கத் தொடங்குவார். சாலையில் 35 பிஎஸ்ஐ அளவில் இருக்கும் அழுத்தம் 15 முதல் 18 வரை குறைக்கப்படும். டயர் தட்டையாகி மணலைத் தொடும் பரப்பு கூடுவதால், வண்டி புதையாமல் மேலே மிதந்து செல்ல முடிகிறது. இதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் நிறுத்தம் அரை மணி, முக்கால் மணி என்று நீளும். காரணம் கடைகளும் குவாட் பைக்கும்தான். சிவப்பு, வெள்ளைக் கட்டம் போட்ட தலைத்துணியை விலை சொல்லாமலேயே உங்கள் தலையில் கட்டிவிட்டு, பிறகு தொகையைச் சொல்லும் வழக்கம் அங்கே உண்டு. வேண்டாம் என்றால் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். குவாட் பைக் ஓட்ட விரும்புபவர்கள், நிமிடக் கணக்கையும், வண்டிக்குச் சேதம் ஏற்பட்டால் யார் பொறுப்பு என்பதையும் கேட்டுவிட்டு, ஏற்கெனவே உள்ள கீறல்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு ஏறுவது நல்லது. மற்றவர்கள் கழிப்பறைக்குச் சென்றுவிட்டு, "சூரியன் மறையும் முன் உள்ளே போக வேண்டும்" என்று ஓட்டுநரிடம் பணிவாக ஒரு முறை சொல்லி வைக்கலாம். பல நேரங்களில் அந்த ஒரு சொல்லே வண்டியைக் கிளப்பிவிடும்.

படி 6: மணல்மேட்டு ஓட்டம்

ஒவ்வொரு மணல்மேட்டுக்கும் இரண்டு முகம். காற்று வரும் பக்கம் சரிவு மெதுவாக ஏறும். மறுபக்கம் செங்குத்தாக இறங்கும். உலர்ந்த மணல் சரியாமல் நிற்கக்கூடிய எல்லை ஏறத்தாழ 34 பாகை. அந்த எல்லையிலேயே மறுபக்கம் நிற்கிறது. ஓட்டுநர் மெதுவான பக்கத்தில் வேகம் பிடித்து ஏறி, உச்சியில் ஒரு கணம் தயங்கி, செங்குத்துப் பக்கத்தில் மூக்கு கீழாக இறக்குவார். அந்தக் கணத்தில் கண்ணாடிக்கு முன் வானம் மட்டுமே தெரியும். அடுத்த கணம் மணல் மட்டுமே தெரியும். பிறகு மேட்டின் இடுப்பில் பக்கவாட்டில் சாய்ந்தபடி ஓட்டுவார். வண்டி உருளப் போகிறது என்று தோன்றும் இடம் அதுதான். முன் சக்கரங்கள் வாரியிறைக்கும் மணல் பக்கக் கண்ணாடியில் மழை போல் அடிக்கும். கண்ணாடியைத் திறக்கக் கூடாது.

சீட் பெல்ட் இறுக்கமாக இருக்கட்டும். கூரைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதுகை இருக்கையோடு ஒட்டி, உடம்பை விறைக்காமல் விட வேண்டும். விறைத்த உடம்புதான் மறுநாள் வலிக்கும். கைப்பேசியில் படம் பிடிப்பதை முதல் பத்து நிமிடம் மறந்துவிடுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு குலுங்குவதைப் போல் குமட்டலை விரைவாக வரவழைப்பது வேறொன்றும் இல்லை. போதும் என்று தோன்றினால் கூச்சப்படாமல் சொல்லலாம். ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார், தேவையானால் நிறுத்துவார். வண்டிகள் வரிசையாகச் செல்வதற்கும் காரணம் உண்டு: ஒன்று புதைந்தால் அடுத்தது கயிறு கட்டி இழுக்கும். புதைந்துவிட்டால் பதற வேண்டியதில்லை. பத்து நிமிட வேடிக்கை இலவசமாகக் கிடைத்தது என்று இறங்கிப் பார்க்கலாம்.

படி 7: அந்திப் பொழுது

ஓட்டம் முடிந்ததும் உயரமான ஒரு மேட்டின் அருகே வண்டி நிற்கும். எல்லோரும் வண்டிக்கு முன்னால் நின்றே படம் எடுப்பார்கள். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, அடுத்த மேட்டின் முகட்டு வழியாக ஐம்பது அடி நடந்து விடுங்கள். சரிவில் நேராக ஏறினால் இரண்டடிக்கு ஓரடி கீழே வழுக்கும். முகட்டின் மேல் மணல் சற்று இறுகியிருக்கும். சூரியன் தாழும்போது மணலில் காற்று வரைந்த வரிகளின் நிழல் நீளும். நல்ல படம் கிடைப்பது அந்தக் கால் மணி நேரத்தில்தான். படம் எடுத்த பிறகு கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு, இந்தப் பயணத்தில் விலைப்பட்டியலில் இல்லாத ஒன்று கிடைக்கிறது. நான் மூன்றாம் முறை சென்றது இதற்காக மட்டுமே.

சுற்றிலும் தனித்தனியாக நிற்கும் மரங்கள் தெரிந்தால் அவற்றையும் கவனியுங்கள். காஃப் என்று அழைக்கப்படும் அம்மரம் ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரம். நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியும் அதே இனம்தான்.

படி 8: கேம்ப்

நடுவில் மேடை, சுற்றிலும் கம்பளம் விரித்த தாழ்ந்த மேசைகள், ஓரங்களில் கடைகள்: பெரும்பாலான கேம்ப்கள் இந்த அமைப்பில்தான் இருக்கும். சப்பணமிட்டு அமர முடியாதவர்களுக்கு நாற்காலி வேண்டுமென்றால் நுழைந்தவுடனேயே கேட்க வேண்டும். வரவேற்பில் கஹ்வாவும் பேரீச்சம்பழமும் தருவார்கள். ஏலக்காய் மணக்கும் இந்தக் காப்பியில் பாலும் சர்க்கரையும் இல்லை. கும்பகோணம் டிகிரி காப்பியை எதிர்பார்த்தால் ஏமாற்றமே. கைப்பிடியில்லாத சிறு கிண்ணத்தை வலக்கையால் வாங்க வேண்டும். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டாமல் நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள்.

ஒட்டகச் சவாரி ஐந்து நிமிடம்கூட இருக்காது. ஒட்டகம் பின்னங்கால்களை முதலில் நிமிர்த்தி எழும். அப்போது முன்னால் விழுவது போல் இருக்கும். அமரும்போது முன்னங்கால்களை முதலில் மடிக்கும். மறுபடியும் முன்னால்தான் சாயும். ஆகவே எழும்போதும் அமரும்போதும் பின்பக்கம் சாய்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும். மருதாணி வைப்பவர் கருநிறக் கலவையை எடுத்தால் மறுத்துவிடுங்கள். அந்தக் கருமைக்குத் தலைமுடிச் சாயத்தில் பயன்படும் பிபிடி என்ற வேதிப்பொருள் சேர்க்கப்படுவது உண்டு. தோலில் கொப்புளம் எழுப்பக்கூடியது அது.

இரவு உணவு பஃபே. தீயில் வாட்டிய கோழி, கெபாப், சாதம், ஹம்முஸ், சாலட் ஆகியவற்றோடு பருப்பும் நானும் இருக்கும். சைவ உணவு கிடைக்கும், ஆனால் வகை குறைவு. லுகைமாத் என்ற பொரித்த மாவு உருண்டை, பேரீச்சைப் பாகில் நனைத்துக் கிடைத்தால் விட வேண்டாம்.

மேடை நிகழ்ச்சிகளில் நெருப்பு ஆட்டம், பாவாடை சுழலும் தனூரா, பெல்லி நடனம் ஆகியவை வழக்கம். இவற்றைப் பார்த்துவிட்டு அமீரகப் பண்பாட்டைப் பார்த்தோம் என்று எண்ணிவிடக் கூடாது. தனூரா எகிப்திலிருந்து வந்தது. பெல்லி நடனத்துக்கும் இந்த மணலுக்கும் உறவில்லை. அமீரகத்தின் சொந்த ஆடல் அய்யாலா: இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கும் ஆண்கள், ஈட்டியைக் குறிக்கும் மெல்லிய மூங்கில் கழிகளை அசைத்தபடி மேளத்துக்கு இசைந்து பாடி ஆடுவது. யுனெஸ்கோ 2014ஆம் ஆண்டு இதை மரபுப் பட்டியலில் சேர்த்தது. சுற்றுலாக் கேம்ப் மேடையில் அதை நான் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

சில கேம்ப்களில் நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டு நிமிடம் விளக்கை அணைத்து விண்மீன்களைக் காட்டுவார்கள். அணைக்காவிட்டால் வேலியோரம் சென்று விளக்குக்கு முதுகைக் காட்டி நின்றால் போதும்.

படி 9: திரும்புதல்

எட்டரை மணி அளவில் ஓட்டுநர் அழைப்பார். ஒரே நிறத்தில் பத்து இருபது லேண்ட் குரூசர்கள் நிற்கும் என்பதால், இறங்கும்போதே வண்டி எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாலை ஏறியதும் டயர்களுக்கு மீண்டும் காற்று நிரப்ப ஒரு நிறுத்தம் உண்டு. குறைந்த காற்றோடு வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும் என்பதால் இந்தத் தாமதத்துக்குச் சலித்துக்கொள்ளக் கூடாது. அறைக்குப் போனதும் செருப்பையும் பேன்ட் மடிப்பையும் பால்கனியில் உதறிவிட்டுக் குளியலறைக்குச் செல்லுங்கள். குளியலறைக் குழியில் போன மணல் தண்ணீரோடு போகாது.