ரோஸ்மேரிக்குத் தண்ணீர்தான் எமன்: சுங்கை சிப்புட் வாசல் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறை முடிந்ததும் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் தாமான் (குடியிருப்பு) வீட்டு வாசல்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும், யார் யார் குளிரான கேமரன் மலைக்குப் போய்வந்தார்கள் என்று. ஆளுக்கொரு ரோஸ்மேரி தொட்டி, இல்லையென்றால் லாவெண்டர். ஒரு மாதம் கழித்து அதே தொட்டியில் காய்ந்த குச்சி நிற்கும். "நம்ம கை ராசி அப்படி" என்று விட்டுவிடுகிறோம். கை ராசியில் ஒரு குறையும் இல்லை. பெரும்பாலும் அந்தச் செடிகள் நாம் ஆசையாக ஊற்றும் தண்ணீரால்தான் சாகின்றன.

நானும் இரண்டைப் பறிகொடுத்தேன். இலை துவண்டதைப் பார்த்து, தாகம் போலிருக்கிறது என்று இன்னொரு குவளை ஊற்றினேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருக்கும் அக்காவிடம் சொன்னபோது, "தினமும் ஊத்துறியாம்மா? தொட்டியைக் கவுத்து வேரைப் பாரு" என்றார். கவிழ்த்தேன். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். இதுவோ பழுப்பேறி, சேற்று நாற்றம் அடித்தது. விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து, நடுவில் நூல் மட்டும் நின்றது. அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால்தான் ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. வாடிய செடிக்கு ஊற்றுமுன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் குவளையைக் கீழே வைத்துவிடுங்கள்.

ரோஸ்மேரி, லாவெண்டர், தைம், ஆலிவ் எல்லாம் மத்தியதரைக் கடலோரத்துச் செடிகள். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும்; கோடை வறண்டு கிடக்கும். கலிபோர்னியா, சிலியின் நடுப்பகுதி, கேப் டவுன், பெர்த் ஆகிய இடங்களிலும் அதே தட்பவெப்பம்தான். பெர்த்தில் ஆண்டு முழுவதும் பெய்வது 800 மில்லிமீட்டருக்கும் குறைவு, அதிலும் பெரும்பகுதி மே முதல் செப்டம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். நம் ஈப்போ வட்டாரத்தில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல், மாதம் தவறாமல். ஆகவே, வெயிலுக்குப் பயந்து ரோஸ்மேரியை நிழலில் ஒளித்து வைப்பது அடுத்த தவறு. வெயில் அதற்குப் பிறந்த வீடு. நனைந்த மண்ணையும் காயாத காற்றையும்தான் அது தாங்காது.

மண் தொட்டியில், மண்ணோடு பாதிக்குப் பாதி கரடுமுரடான ஆற்று மணலும் பொடிக்கல்லும் கலந்து நடுங்கள். நர்சரியில் மூட்டையாக விற்கும் கறுப்பு மண்ணை மட்டும் நிரப்பினால் அது நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மழைச்சாரல் படாத, காலை வெயில் விழும் கூரைவிளிம்பில் வையுங்கள். என்னுடைய மூன்றாவது ரோஸ்மேரி இப்படித்தான் பிழைத்தது. லாவெண்டரை மலையிலேயே பார்த்து ரசித்துவிட்டு வந்துவிடலாம் என்பது என் எண்ணம். ஆலிவ் மரம் இலை விடும், ஆனால் பூ எடுக்க அதற்குக் குளிர் வேண்டும். நம் தாழ்நிலத்தில் காய்க்கும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பது வறண்ட கோடையுள்ள ஊருக்கான பழக்கம். இங்கே அது ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளை டிங்கி காய்ச்சலில் படுத்த பிறகு வருந்திப் பயனில்லை. 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி, வீட்டில் கொசுப்புழு இருந்தால் அபராதமும் உண்டு. தட்டை எடுத்துவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மத்தியதரைக் கடலோரத்திலும் பெர்த் கடற்கரையிலும் பல இடங்களில் மண்ணில் இயல்பாகவே சுண்ணாம்பு உண்டு. அங்கிருந்து வரும் காணொளிகளில் "சுண்ணாம்பு போடாதே" என்பார்கள். கித்தா (ரப்பர்) தோட்டமாக இருந்த நம் செம்மண்ணோ மழையில் அரித்து அரித்துப் புளித்து, அமிலமாகிப் போனது. நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி டோலமைட் சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறுங்கள். கோழி எருவை அதோடு சேர்த்துப் போடாதீர்கள். தழைச்சத்து காற்றோடு போய்விடும். மக்காத பச்சை எரு என்றால் வேரையும் சுட்டுவிடும்.

இத்தாலிக்காரர்கள் வளர்ப்பதைப் பார்த்துப் பெரிய தக்காளிக்கு ஆசைப்படுகிறோம். இரவு வெப்பம் 21 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் பல இரகங்களில் பூ உதிர்ந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை பாக்டீரியா வாடல். நேற்று மாலை செழிப்பாக நின்ற செடி இன்று மதியம் பச்சையாகவே தொங்கும். அடித்தண்டை வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நுனி மட்டும் நனையும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை இழை மெல்ல இறங்கும், வெட்டிய பட்டையில் கித்தாப் பால் வடிவதுபோல. அப்படி வந்தால் செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் அடுத்து நடாதீர்கள். கிருமி மண்ணிலேயே தங்கும். நோய் தாங்கும் சுண்டைக்காய்க் கன்றின் மேல் தக்காளியை ஒட்டுக்கட்டுவது நல்ல வழி. சிறிய செர்ரித் தக்காளியாக இருந்தால் இன்னும் நல்லது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று ஆத்தா சொல்வார். அது தமிழ்நாட்டு மழைக்குச் சொன்னது. ஆடியில் நமக்கு மழை குறைவு. பெர்த்தில் அது நடுக்குளிர்காலம். அக்கா வீட்டில் ஏப்ரல், மே மாதங்களில்தான் நடுகிறார்கள், வரும் மழை வேரைப் பிடிக்க வைக்கும் என்று. அங்கே போன புதிதில் அக்கா நம்மூர்ப் பழக்கத்தில் நாள்தோறும் மேலாகத் தெளித்திருக்கிறார். பெர்த் மணல் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது, தாமரை இலைத் தண்ணீராக உருண்டோடும். மக்கிய எருவைக் கலந்து, வாரம் இரண்டு முறை ஆழமாகப் பாய்ச்சத் தொடங்கிய பிறகுதான் செடிகள் தலை நிமிர்ந்தன.

போன முறை அம்மா பெர்த்துக்குப் புறப்படும்போது ஈரச் செய்தித்தாளில் கறிவேப்பிலைக் கன்று ஒன்றைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். நான் எடுத்துவிட்டேன். கறிவேப்பிலையில் வாழும் ஒரு சிறு பூச்சிதான் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்புகிறது. அந்த நோய் நம் நாட்டில் உண்டு, ஆஸ்திரேலியாவில் இல்லை. அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அக்கா அங்குள்ள நர்சரியிலேயே ஒரு கன்று வாங்கித் தொட்டியில் வைத்தார். குளிர்காலத்தில் அதை வடக்குப் பார்த்த சுவரோரம் நகர்த்திவிடுகிறார், அந்த ஊரில் வெயில் வடக்கிலிருந்துதான் விழும் என்பதால்.