காட்டுத்தீக்கு முன் கிராமத்து வீட்டைத் தயார்செய்வது எப்படி? ஆஸ்திரேலியத் தமிழர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மெல்போர்ன், சிட்னியை விட்டு கிராமப் பக்கம் குடிபோகும் தமிழ்க் குடும்பங்களை இப்போது நிறையவே பார்க்கிறேன். வேலை கிடைக்கிறது, நிலத்தோடு வீடு கிடைக்கிறது, பிள்ளைகள் ஓடியாட இடம் இருக்கிறது. முதல் கோடையில் வடக்கிலிருந்து அனல்காற்று வீசத் தொடங்கியதும்தான், இங்கே தீ வந்தால் என்ன செய்வது என்ற பயம் வருகிறது. விக்டோரியாவில் யூக்கலிப்டஸ் காட்டை ஒட்டிய வீட்டுக்கு நாங்கள் வந்தபோதும் இதே நிலைதான். ஆங்கிலத்தில் கையேடுகள் ஏராளம். எதை முதலில் செய்வது, எதில் கை வைக்கக் கூடாது என்று தமிழில் சொல்ல ஆள் இல்லை. அதனால் எங்கள் வீட்டில் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். ஸ்மோக் அலாரம், இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகள் தீச்சுவர் வந்து மோதி எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் கங்குகள் ஏதோ ஓர் இடுக்கில் விழுந்து, சின்னதாகப் பற்றி, யாரும் கவனிக்காத நேரத்தில் வீட்டையே எடுத்துவிடுகின்றன. யூக்கலிப்டஸ் பட்டை எரிந்துகொண்டே வெகுதூரம் பறக்கும். விக்டோரியாவில் பெருந்தீ பரவிய 2009 பிப்ரவரி 7, கருப்புச் சனிக்கிழமை அன்று, தீ முனைக்குச் சுமார் 30 கி.மீ. முன்னால்கூடப் புதிய தீ பற்றியது. ஆகவே வீட்டுக்கான வேலை முழுக்கக் கங்குக்கு எதிரான வேலை. குடும்பத்துக்கான வேலை வேறு: நேரத்தோடு கிளம்புவது.

படி 1: எப்போது கிளம்புவோம் என்பதை இப்போதே முடிவுசெய்யுங்கள்

இதை எல்லாரும் கடைசியில் வைப்பார்கள். நான் முதலில் வைக்கிறேன், காரணம் உண்டு. கருப்புச் சனியில் இறந்தவர்கள் 173 பேர். அவர்களில் 113 பேர் வீடுகளுக்குள் இறந்தார்கள். புகையைப் பார்த்த பிறகு "போகலாமா, இருக்கலாமா" என்று யோசிக்கும் நேரம்தான் ஆளைக் கொல்கிறது.

2022 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க ஒரே தீ அபாய அளவுகோல், கீழிருந்து மேலாக: மாடரேட் (மிதம்), ஹை (அதிகம்), எக்ஸ்ட்ரீம் (மிகக் கடுமை), கேட்டஸ்ட்ராஃபிக் (பேரழிவு). எங்கள் வீட்டு விதி இது. கேட்டஸ்ட்ராஃபிக் என்று அறிவித்தால் முந்தின இரவே, தவறினால் விடியற்காலையில், வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவோம். எங்கும் தீ எரிகிறதா என்று பார்ப்பதில்லை. எக்ஸ்ட்ரீம் என்றால் குழந்தைகளும் வயதானவர்களும் காலையிலேயே நகரத்து உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அன்று தீ வராமல் போகலாம். பத்து தடவை சும்மா போய் வந்தாலும் பரவாயில்லை.

எச்சரிக்கைச் செய்திகள் மூன்று நிலை: மஞ்சள் நிற அட்வைஸ், ஆரஞ்சு நிற வாட்ச் அண்ட் ஆக்ட், சிவப்பு நிற எமர்ஜென்சி வார்னிங். சிவப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். அந்தக் கட்டத்தில் சாலை முழுக்கப் புகையாக இருக்கலாம், மரம் விழுந்து கிடக்கலாம்.

விக்டோரியாவில் விக்எமர்ஜென்சி செயலி, நியூ சவுத் வேல்ஸில் ஹசார்ட்ஸ் நியர் மீ செயலி. இரண்டிலும் உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு கண்காணிப்புப் பகுதியைக் குறித்து வையுங்கள். கூடவே பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்று கட்டாயம் வேண்டும், உள்ளூர் ஏ.பி.சி. (அரசு வானொலி) அலைவரிசையை அதில் எழுதி ஒட்டுங்கள். கரண்ட் போனால் என்.பி.என். (வீட்டு இணைய) இணைப்பும் போய்விடும், கொஞ்ச நேரத்தில் மொபைல் டவரும் போகலாம். ஆங்கிலம் சரளமாக வராத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் 131 450 என்ற எண்ணைச் சொல்லிக்கொடுங்கள். "தமிழ்" என்று கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அவர் மூலமாக விக்எமர்ஜென்சி உதவி எண் 1800 226 226-இல் பேசலாம். உயிருக்கு ஆபத்தென்றால் நேரே 000.

படி 2: வீட்டைச் சுற்றிப் பத்து மீட்டர்

இது உடம்பு வேலை, அறிவு வேலை இல்லை, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். புல் 10 செ.மீ.க்கு மேல் வளரக் கூடாது. ஜன்னலுக்கு 3 மீட்டருக்குள் 10 செ.மீ.க்கு மேல் உயரும் செடி எதுவும் வேண்டாம். மரத்தடியில் புதர் இருந்தால் எடுத்துவிடுங்கள், தரையில் பிடிக்கும் தீ அதில் ஏறித்தான் கிளைக்குப் போகிறது. தாழ்ந்த கிளைகளைத் தரையிலிருந்து 2 மீட்டர் உயரம்வரை கழியுங்கள். சுவரோரம் மரத்தூள், மரப்பட்டை போட்டிருந்தால் வாரிவிட்டு ஜல்லி பரப்புங்கள். குளிர்காலத்துக்கென்று வாசலில் அடுக்கிய விறகு கோடையில் அங்கே இருக்கக் கூடாது. கேஸ் சிலிண்டரின் பாதுகாப்பு வால்வு வீட்டைப் பார்க்காமல் வெளியே பார்த்திருக்க வேண்டும்.

வீடு சரிவின் மேல்பக்கம் இருந்தால் பத்து மீட்டர் போதாது. மேட்டில் ஏறும் தீ, சரிவு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் எடுக்கும். கீழ்ச்சரிவுப் பக்கம் இன்னும் அதிக தூரம் சுத்தம் செய்யுங்கள்.

மரம் வெட்டும் முன் மட்டும் கவுன்சிலில் கேளுங்கள். நியூ சவுத் வேல்ஸில் குறிப்பிட்ட பகுதிகளில் 10/50 விதி உண்டு: வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் மரங்களையும் 50 மீட்டருக்குள் புதர்களையும் அனுமதி வாங்காமல் அகற்றலாம். விக்டோரியாவின் விதி வேறு, அதுவும் இடத்துக்கு இடம் மாறும்.

படி 3: இடுக்குகளை அடைப்பது (இங்கேதான் நேரம் எடுக்கும்)

எங்களை அதிகம் திணறடித்த வேலை இதுதான். அடைப்பது சுலபம்; எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். வெளியே நின்று பார்த்தால் வீடு பத்திரமாகத்தான் தெரியும்.

கணக்கு எளிது: 2 மி.மீ.க்கு மேல் எந்த இடைவெளி இருந்தாலும் கங்கு நுழையும். கையில் 2 மி.மீ. டிரில் பிட் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். அது உள்ளே போகும் இடம் எல்லாம் வேலை இருக்கும் இடம். சாக்பீஸால் குறி வைத்துக்கொண்டே வாருங்கள்.

அடுத்து கூரையின் உட்புறம். வெயில் நன்றாக அடிக்கும் நாளில், ஆனால் காலையிலேயே, சீலிங்குக்கு மேலே ஏறுங்கள். மதியத்தில் அங்கே சூடு தாங்காது. பலகையில் உட்கார்ந்து டார்ச்சை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுங்கள். அப்புறம் தெரியும்: முகட்டுத் தகடு தகரத்தின் மேல் உட்காரும் இடத்தில், நெளிவுக்கு நெளிவு ஒரு பிறை வெளிச்சம். ஓரத்தில் தகரமும் மரச்சட்டமும் சந்திக்கும் இடத்தில் நீளமாக ஒரு கோடு. பைப் கூரையைத் துளைத்துப் போகும் இடத்தைச் சுற்றி ஒரு வளையம். வெளிச்சம் நுழையும் வழியில்தான் கங்கும் நுழையும். பல வருடத் தூசியும், எலி கொண்டுவந்த குச்சியும், பறவைக் கூடும் உள்ளே காய்ந்து கிடக்கும். ஒரு கங்கு போதும். முதலில் குப்பையை வாக்குவம் போட்டு எடுங்கள்.

எதை வைத்து அடைப்பது? நெளிவுகளுக்குள் ராக்வூல் (பாறையிலிருந்து செய்யும் பஞ்சு) துண்டுகளை வெட்டித் திணிப்பதுதான் என் தேர்வு. அது எரியாது, கையால் அழுத்தினாலே நிற்கும். சுவர், ஜன்னல் சட்டத்து விரிசல்களுக்குத் தீ தாங்கும் சீலன்ட். டப்பாவிலிருந்து பீய்ச்சும் சாதாரண பாலியூரித்தேன் நுரை வேண்டவே வேண்டாம், அதுவே எரியும் பொருள்.

ஆனால் எல்லாவற்றையும் அடைத்துவிடக் கூடாது. செங்கல் சுவரின் அடிவரிசையில் இருக்கும் கசிவுத் துளைகள், கூரைக் காற்றுவழிகள், தரைக்கு அடியில் உள்ள காற்றுவழிகள், இவை மூச்சு விட வேண்டும், இல்லையென்றால் ஈரம் தேங்கி வீடு கெடும். அங்கே கம்பி வலை போடுங்கள். வலையின் கண் 2 மி.மீ.க்கு மிகாமல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெண்கலம், அலுமினியம் இவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும். காட்டுத்தீப் பகுதிக் கட்டடங்களுக்கான ஏ.எஸ். 3959 தரநிர்ணயம் சொல்வதும் இதைத்தான். நான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே சொல்வேன். விலை கூடினாலும் மாற்றும் வேலை இல்லை. கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய் வாயில் மட்டும் நீங்களாக எதையும் பொருத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பிவிடும்.

ஜன்னல்களைத் தொட்டுப் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கொசுவலை பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ் வகை. அனலில் இளகித் தொங்கிவிடும். காட்டைப் பார்க்கும் பக்கத்து ஜன்னல்களிலாவது உலோக வலைக்கு மாற்றுங்கள். கண்ணாடி உடைந்தாலும் வலை கங்கைத் தடுக்கும்.

கடைசியாக, எல்லாரும் தாண்டிப் போகும் ஒன்று: வாசலில் கிடக்கும் தேங்காய்நார் மிதியடி. காற்று கங்குகளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும் மூலை கதவின் அடிதான். அபாய நாட்களில் மிதியடியைச் சுருட்டி உள்ளே போடுங்கள்.

படி 4: கூரைப் பீலி

கட்டர் என்கிறார்களே, அதுதான். யூக்கலிப்டஸ் கோடையிலும் இலை உதிர்க்கும், ஆகவே ஒருமுறை சுத்தம் செய்தால் முடிந்தது என்று இருக்க முடியாது. உலோக வலை போட்டால் வேலை குறையும். பிளாஸ்டிக் வலை பீலியிலேயே உருகி எரியும். இறங்கு குழாய் வாயை அடைத்துப் பீலியில் தண்ணீர் நிரப்பும் வழி நல்ல வழிதான், கடையில் விற்கும் அடைப்பான்களை இப்போதே வாங்கி அளவு பாருங்கள். தீ நெருங்கும்போது கூரை மேல் ஏறாதீர்கள். அந்தக் காற்றில் விழுந்துவிடுவோம்.

படி 5: தண்ணீரும் பம்பும்

குழாயில் தண்ணீர் வரும் என்று நம்பாதீர்கள். எல்லாரும் திறக்கும்போது அழுத்தம் விழும். கரண்ட் போனால் மின்பம்பும் நிற்கும். தீக்கென்று தனியாகக் குறைந்தது 10,000 லிட்டர் இருக்கட்டும். தொட்டி கான்கிரீட்டோ உலோகமோ ஆக இருப்பது நல்லது. தரைக்கு மேலே ஓடும் குழாயும் உலோகம்தான். பிளாஸ்டிக் குழாய் என்றால் புதைத்துவிடுங்கள். தீயணைப்பு வண்டி உங்கள் தொட்டியிலிருந்து எடுக்க வேண்டுமானால் விக்டோரியாவில் சி.எஃப்.ஏ. (கிராமப்புறத் தீயணைப்பு அமைப்பு) சொல்லும் 64 மி.மீ. இணைப்பு வேண்டும்.

பம்பில் என் தேர்வு டீசல், பட்டனில் ஸ்டார்ட் ஆகும் வகை. கடும் அனலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் நின்றுவிடலாம். பெட்ரோல் பம்பு ஏற்கெனவே இருந்தால், எரியாத தடுப்பு ஒன்றை அதைச் சுற்றிக் கட்டுங்கள். 5 குதிரைத்திறன் போதும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் இயக்கத் தெரிந்தால் அது பம்பே இல்லை. என் மனைவியும் மூத்த மகளும் தனியாக ஸ்டார்ட் செய்யும்வரை பழகினார்கள். கயிறு இழுக்கும் வகையை வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

கூரை ஸ்பிரிங்க்ளருக்குச் செலவழிக்கும் முன் படி 3-ஐ முடியுங்கள். பலத்த காற்றில் அந்தத் தண்ணீர் கூரையில் விழாமல் வேறெங்கோ போகிறது. அதைவிட உலோக வாளிகளும் நீளக்கைப்பிடித் துடைப்பமும் பயன்படும்.

படி 6: ஆளுக்கொரு பை

உள்ளே இருக்க வேண்டியது: நீளக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், தோல் பூட்ஸ், தோல் கையுறை, புகைத் துகளைத் தடுக்கும் பி2 முகமூடி, பாதுகாப்புக் கண்ணாடி, கம்பளிப் போர்வை. நைலான் சேலை, பாலியஸ்டர் சுடிதார், ரப்பர் செருப்பு எதுவும் கூடாது. அனலில் உருகித் தோலோடு ஒட்டும். கம்பளியும் பருத்தியும் மட்டுமே.

பாஸ்போர்ட், விசாக் கடிதம், பட்டப்படிப்புச் சான்றிதழ், ஊர்க் காணிப் பத்திரம், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரு கவரில். பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவையுங்கள். நகையைக் கோடை முழுக்க வீட்டில் வைக்க வேண்டாம், எடுப்பதற்காக யாரும் திரும்பிப் போகக் கூடாது.

போக முடியாமல் மாட்டிக்கொண்டால்

இது திட்டம் இல்லை, கடைசி வழி. அருகில் புஷ்ஃபயர் பிளேஸ் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட் (கடைசிப் புகலிடம்) என்று அறிவித்த இடம் எது என்று முன்பே பார்த்து வையுங்கள். நியூ சவுத் வேல்ஸில் அதற்கு நெய்பர்ஹுட் சேஃபர் பிளேஸ் என்று பெயர். அதுவும் முடியாமல் வீட்டுக்குள் இருக்க நேர்ந்தால், வெளியே பார்க்கும் ஜன்னலும் வெளியேறும் கதவும் உள்ள அறையில் இருங்கள். குளியலறையில் ஒளியாதீர்கள். தண்ணீர் இருக்கிறது என்று தோன்றும், ஆனால் வீடு பற்றியது தெரியாது, வெளியேற வழியும் இருக்காது. வீடு எரியத் தொடங்கினால், தீமுனை கடந்து போனதும் ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்துக்கு வந்துவிடுங்கள்.

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் காற்று மாறுவதையும் கவனியுங்கள். வடக்குக் காற்று திடீரென்று தென்மேற்காகத் திரும்பும். நீளமாக ஓடிய தீயின் பக்கவாட்டு முழுவதும் அப்போது முனையாகிவிடும். 1983-இன் சாம்பல் புதன் பெருந்தீயிலும் 2009-இலும் இதுதான் நடந்தது. "தீ நம்மைத் தாண்டிப் போகிறது" என்று நிம்மதி அடையும் நேரம் அது இல்லை.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

பழைய வீட்டில் கூரை விளிம்புத் தகட்டைத் துளைத்து வலை அடிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வீடு 1990-க்கு முன் கட்டியதென்றால் கை வைக்காதீர்கள். அந்தத் தகடு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். பரிசோதித்த பிறகு, உரிமம் உள்ளவரைக் கொண்டு செய்யுங்கள்.

கூரை மேல் இருக்கும் எவாப்பரேட்டிவ் கூலர் பற்றி இருவர் எழுதினார்கள். நல்ல கேள்வி, முதலில் எழுதும்போது சேர்க்கவில்லை. அதில் தண்ணீர் ஊறிக் காற்றைக் குளிர்விக்கும் திண்டு பெரும்பாலும் மரநார், காகித வகை. காய்ந்திருந்தால் கங்கு பட்டதும் பிடிக்கும். வெளியே உலோக வலை உறை போடுங்கள். காற்றாடியை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் ஓடவிட முடிந்தால் திண்டு நனைந்தே இருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கூரையில் எதையும் மாற்ற முடியாது. புல், பீலி, மிதியடி, விறகு, பை இவற்றைச் செய்யுங்கள். இடுக்குகளைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். படி 1-க்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கியிருக்கும் வீடுகளில், நாங்கள் வேலைக்குப் போனபின் அவர்கள் தனியாக இருப்பார்களே என்று கேட்டவருக்கு: எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ராஃபிக் நாட்களில் அவர்களைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள், கார் ஓட்டத் தெரியாத பெரியவர்களால் கிளம்பவே முடியாது. மற்ற நாட்களுக்கு, பக்கத்து வீட்டாரிடம் அவர்களை நேரில் அறிமுகப்படுத்தி, யார் வந்து கூப்பிட்டால் கேள்வி கேட்காமல் காரில் ஏற வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள், 000-க்குக் கீழே.