ஏலகிரிக்குக் கிளம்பும் முன் வண்டிச் செயினைத் தொட்டுப் பாருங்கள்

எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறது. பொங்கலுக்கு ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடித்தால் ஐப்பசி மழைக்குள் துரு எட்டிப் பார்த்துவிடும். அந்த உப்புக் காற்றில்தான் என் 350 சிசி வண்டியும் பல வருடமாக நிற்கிறது. வேலை துறைமுகப் பக்கம் ஒரு கிளியரிங் அலுவலகத்தில். வருடத்துக்கு நாலைந்து முறை நீளமான பயணம் போவேன். ஏலகிரி, கொல்லிமலை, தரங்கம்பாடி, ஒரு முறை கன்னியாகுமரி வரை. பின்னால் பெரும்பாலும் என் கணவர் இருப்பார். அவருக்கு ஓட்டுவதைவிட உட்கார்ந்து ஊர் பார்த்துக்கொண்டு வருவதுதான் பிடிக்கும்.

அலுவலகத்தில் புதிதாக வண்டி வாங்கிய தம்பிகளும் தங்கைகளும் "அக்கா, லாங் ரைடு போகணும், என்ன பார்க்கணும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

2019 ஆகஸ்டில் ஏலகிரிக்குக் கிளம்பினோம். முந்தின நாள்தான் வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் விட்டு எடுத்திருந்தேன். புது செயின், புது ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டி ஓடும் பல்சக்கரம்), ஆயில் மாற்றம், எல்லாம் பில்லில் இருந்தது. நான் பில்லை நம்பினேன், கை வைத்துப் பார்க்கவில்லை. ஆம்பூர் தாண்டியதும் கியர் மாற்றும்போதெல்லாம் பின்பக்கம் 'டக்' என்று ஓர் அடி விழுந்தது. ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். டீ குடிக்க சர்வீஸ் ரோட்டில் இறங்கி மெதுவாகும்போது செயின் பல்லைவிட்டு நழுவி, பின் சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது. வேகம் 20-க்குள் இருந்ததால் காலை ஊன்றி நின்றோம். ஐந்து நிமிஷம் முன்னால் நெடுஞ்சாலையில், பின்னால் கன்டெய்னர் லாரி வரும்போது இது நடந்திருந்தால் இன்று இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. பக்கத்துப் பஞ்சர் கடைப் பெரியவர் வந்து பின் சக்கரத்தையும் செயின் இறுக்கத்தையும் பிடித்து வைக்கும் ஆக்சில் நட்டை விரலால் திருகிப் பார்த்தார். திரும்பியது. "யாரும்மா இதை டைட் பண்ணாம விட்டது?" என்றார்.

அதனால் முதலில் சர்வீஸ். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே விடுங்கள், முந்தின நாள் வேண்டவே வேண்டாம். எடுத்த பிறகு ஊருக்குள் 100 கிலோமீட்டராவது ஓட்டுங்கள். நான் எண்ணூர் விரைவுச் சாலை, மணலி, மாதவரம் என்று பள்ளமும் கன்டெய்னரும் இருக்கும் பாதையாகப் பார்த்து ஓட்டுவேன். சரியாக முறுக்காத நட்டு இருந்தால் அந்தக் குலுக்கலில் தெரிந்துவிடும். புது செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் நீளும், அதைத் திரும்ப இழுத்துக் கட்டவும் நேரம் கிடைக்கும். புது பிரேக் பேட் டிஸ்கோடு பழகவும் அந்த ஓட்டம் வேண்டும்.

அப்புறம் செயின். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்கிறேன், ஏனென்றால் கடற்கரை ஊரில் வண்டியில் முதலில் கெடுவது இதுதான்.

செயினின் கீழ்ப் பகுதியில், இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் விரலை வைத்து மேலே தூக்குங்கள், கீழே இழுங்கள். மேலுக்கும் கீழுக்கும் இடையே எவ்வளவு அசைகிறது என்பதுதான் லூஸ். என்னுடையதைப் போன்ற வண்டிகளில் ஏறக்குறைய 25 முதல் 30 மில்லிமீட்டர், அதாவது இரண்டு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கம்மி. உங்கள் வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். சைடு ஸ்டாண்டில் நிறுத்திப் பார்ப்பதா, நேராக நிறுத்திப் பார்ப்பதா என்பதையும் அதிலேயே பாருங்கள், ஏனென்றால் நிறுத்தும் விதம் மாறினால் அளவும் மாறும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓர் இடத்தில் இறுக்கமாகவும் இன்னோர் இடத்தில் தொளதொளவென்றும் இருந்தால் அந்த செயின் ஒரே சீராகத் தேயவில்லை. அதை இழுத்துக் கட்டி ஓட்டினால் இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் கியர்பாக்ஸ் பேரிங்கை இழுக்கும். மாற்றிவிடுவதுதான் வழி.

தேய்மானம் பார்க்க இன்னொரு வழி உண்டு. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசி ஓரத்தில் செயினைப் பிடித்துப் பின்பக்கமாக இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பற்கள் அரிவாள் நுனி மாதிரி ஒரு பக்கமாக வளைந்திருந்தாலும் அப்படியே. மாற்றும்போது செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். பழைய பல் புது செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். நான் ஜி.பி. ரோட்டில் புது செட் வாங்கிக்கொண்டு எங்கள் தெருமுனை மெக்கானிக் தம்பியிடம் கொடுப்பேன். புதுப்பேட்டையில் பழைய உதிரிகள் என்னென்னவோ கிடைக்கும், கண்ணாடி, கிராஷ் கார்டு என்றால் நானும் வாங்குவேன். செயினும் பிரேக்கும் மட்டும் பழையது வாங்க மாட்டேன்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கடையில் விற்கும் செயின் கிளீனர். பெட்ரோல் வேண்டாம். பல வண்டிகளின் செயினில் இணைப்புகளுக்கு நடுவே சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. உள்ளே அடைத்த கிரீஸை வெளியே விடாமல் காப்பது அவைதான். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அந்த வளையத்தைக் கெடுத்துவிடும். பழைய டூத் பிரஷ் போதும். துடைத்துக் காய்ந்ததும், செயினின் உட்பக்கம் படும்படி கீழ்ப் பகுதியில் ஸ்ப்ரே அல்லது 90 எண் கியர் ஆயில் விடுங்கள். சக்கரம் சுற்றும்போது எண்ணெய் தானே வெளிப்பக்கம் பரவும். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது விட்டால் உள்ளே நன்றாக இறங்கும். வழிவதைத் துடைத்துவிடுங்கள். வடித்த பழைய இன்ஜின் ஆயிலைத் தடவும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அதில் உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கும், தயவுசெய்து வேண்டாம். 500 கிலோமீட்டருக்கு ஒரு தரம், மழையில் நனைந்தால் அன்று இரவே.

இதை மட்டும் மறக்காதீர்கள்: இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டுச் சக்கரம் சுற்றும்போது செயினைத் துடைக்காதீர்கள். துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். விரல் போனவரை எனக்குத் தெரியும். இன்ஜின் அணைத்து, சாவியைக் கையில் எடுத்து, நியூட்ரலில் வைத்து, கையால்தான் சுற்ற வேண்டும்.

டயரில் காற்றைக் கிளம்பும் நாள் காலை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பங்க்கில் பார்த்தால் சூட்டில் அழுத்தம் ஏறிக் காட்டும், நிரப்பும் காற்று குறைவாகவே போகும். எவ்வளவு என்பது வண்டியிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். தனியாகப் போக ஓர் அளவு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் இன்னோர் அளவு. என் தோழிகள் பலர் இந்த இரண்டாவது எண்ணைக் கவனித்ததே இல்லை. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. டயர் பட்டன், அதாவது ரோட்டில் படும் பக்கத்து வெட்டுகள், ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் ஈர ரோட்டைப் பிடிக்காது. உங்களுடையது ஸ்போக் சக்கரம் என்றால் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கும், ஆணி குத்தினால் சட்டென்று காற்று இறங்கும். அதற்கேற்ற டியூப் ஒன்றையும், சக்கரம் கழற்றத் தேவையான ஸ்பேனரையும் கொண்டு போங்கள். நெடுஞ்சாலைப் பஞ்சர் கடையில் லாரி டியூப் கிடைக்கும், உங்கள் அளவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை இறங்கும், மலையிறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது லிவர் மெத்தென்று உள்ளே போகும். சென்னைப் புழுக்கத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் விடாதீர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம் இருக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கும், ஆனால் முன் வண்டியோடு விட வேண்டிய இடைவெளியை அது உங்களுக்காக விடாது.

கிளட்ச் கேபிளுக்கு மெக்கானிக் தம்பி சொல்லிக்கொடுத்த ஒரு வேலை: புது கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓடவிட்டு, இரண்டு முனையையும் டேப் சுற்றிக் கட்டிவைத்துவிடுவது. அறுந்தால் முனைகளை மட்டும் மாற்றி மாட்டலாம், டேங்கைக் கழற்ற வேண்டாம்.

மூட்டை கட்டும்போது கனமானதைக் கீழேயும் முன்பக்கமாகவும் வையுங்கள். எல்லாவற்றையும் கேரியரின் கடைசியில் கட்டினால் முன் சக்கரம் லேசாகி, திருப்பும்போது வண்டி மிதக்கும். சைலன்சர் பக்கத்துப் பை உரசுகிறதா என்று ஒரு தடவை உட்கார்ந்து, அமுக்கிப் பாருங்கள். கயிற்றின் தொங்கும் முனை ஒன்றுகூட இருக்கக்கூடாது. பின்னால் புடவையோ துப்பட்டாவோ கட்டியவர் உட்காரும் வண்டியென்றால் பின் சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் சாரி கார்டைக் கழற்றாதீர்கள். அழகுக்காகக் கழற்றிவிட்டு அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

நாங்கள் ஏலகிரிக்கு வீட்டிலிருந்து காலை ஐந்துக்குக் கிளம்புவோம். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்கள் நிறையும் முன் தாண்டிவிடலாம். மேற்கே போவதால் காலை வெயில் முதுகில் விழும், கண் கூசாது. ஆனால் எதிரே வருபவருக்கு அதே வெயில் கண்ணில் குத்தும், நீங்கள் அவருக்குத் தெரிய மாட்டீர்கள். இதை நான் பல வருடம் யோசிக்கவே இல்லை. வாலாஜாபேட்டை வரை எந்த யூ-டர்ன் இடைவெளியிலும், ராங் சைடில் வருபவரைப் பார்த்தாலும், "இவர் என்னைப் பார்க்கவில்லை" என்று வைத்துக்கொண்டே ஓட்டுகிறேன். சுங்கச்சாவடியில் நமக்குக் கட்டணம் இல்லை, இடது ஓரப் பாதையில் போய்விடலாம், ஆனால் அங்கே சிந்திய டீசலும் மணலும் இருக்கும், சாய்க்காமல் நேராகப் போங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் இறங்கி நடங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் குடியுங்கள்.

மலை ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பாரதியார், கம்பர், பாரி, ஓரி என்று புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பலகையைப் படிக்க ஆசையாக இருக்கும், அதை என் கணவரிடம் விட்டுவிடுகிறேன். வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்து வேகத்தை முடித்துக்கொள்ளுங்கள். பார்வையை வளைவு முடியும் இடத்தில் வையுங்கள். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்குத்தான் போகும். ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மலைச் சாலை விதி. இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜின் பிடித்து வர விடுங்கள், இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரேக் சூடாகி விட்டுக்கொடுத்தால் நிறுத்த வேறெதுவும் இருக்காது.

ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரையோடு, பட்டை பூட்டி. ரத்தப் பிரிவும் வீட்டு எண்ணும் எழுதிய அட்டை சட்டைப் பையில். அடிபட்டவர் யாரையாவது வழியில் பார்த்தால் 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். 2021-லிருந்து 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர விபத்துச் சிகிச்சைக்கு அரசு உதவுகிறது. பணத்தை நினைத்து யாரும் சாலையோரம் காத்திருக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்த இரவு எவ்வளவு அசதியாக இருந்தாலும் நான் ஒரு வேலை செய்துவிட்டுத்தான் குளிக்கப் போவேன். ஈசிஆர் வழியாக, மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி வந்த நாளென்றால் இது இன்னும் அவசியம். இன்ஜின் ஆறும் வரை பைகளை இறக்கி, பிறகு வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து உப்பைக் கழுவி, துணியால் துடைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே செயினுக்கு எண்ணெய் விடுவேன். கணவர் டார்ச் பிடிப்பார். முடித்ததும் ஆக்சில் நட்டில் ஸ்பேனரை வைத்து ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துவேன்.